திகதி மாற்ற ஒரு விலை

சோதினை பின்போடப்படுறது எங்களுக்குப் புதுசில்லை. கம்பஸுக்குள் வந்த நாளிலிருந்து பழகின விசயம். ஆனால் இந்த முறை அந்த ஒரு அறிவித்தல் ஆளுக்கு 21,000 ரூபாய் பில்லாக வந்து நின்றது.

இறுதியாண்டு ஆய்வுக்குப் பழைய சஞ்சிகைகள் பார்க்க, சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்குப் போறதெண்டு நாங்கள் மூன்று பேர் முடிவெடுத்தம். பலாலியால் போனால் கொழும்புக்கு ஓடுற பஸ் காசும் ஒரு இரவு நித்திரையும் மிச்சம். ரவுணில் ஒரு ஏஜென்சியில், இருப்பதிலேயே மலிவான ரிக்கெற்றைப் போட்டம். போக வர 46,000. நாலு நாள் கழித்துக் கல்விசாரா ஊழியர்களின் பணிப்புறக்கணிப்பு தொடங்கியது. சோதினை சரியாக நாங்கள் சென்னையில் நிற்கவேண்டிய கிழமைக்குத் தள்ளிப்போனது. (ஊழியர்களில் எங்களுக்குக் கோபமில்லை. அது வேறு கட்டுரை.)

"மாத்தலாம் பிள்ளையள், சார்ஜ் வரும்" எண்டார் ஏஜென்சி அண்ணை. மாற்றுக் கட்டணம் 11,000. மனசைத் தேற்றிக்கொண்டு ஓமெண்ட பிறகுதான், புதுத் திகதியில் ரிக்கெற் விலை கூட, அந்த வித்தியாசம் 8,500 எண்டார். ஏஜென்சியின் சேவைக்காசு 1,500. விமானக் கொம்பனிக்கு நேரே போன் எடுத்தால், ஏஜென்சியில் போட்டதை ஏஜென்சிதான் மாத்தவேணுமாம்.

கொம்பனியின் நியாயமும் எங்களுக்கு விளங்கும். பிளேன் எழும்பின பிறகு வெறும் ஆசனத்தை ஒருத்தருக்கும் விற்க ஏலாது. முதல்நாள் இரவு வந்து மாத்து எண்டு நிண்டால் காசு கேட்கட்டும். ஆனால் நாங்கள் ஐந்து கிழமைக்கு முதலே சொன்னனாங்கள். எங்கள் ஆசனங்களை அவர்கள் திரும்பவும் விற்பார்கள், அதுவும் கூடின விலைக்கு. புது ஆசனத்தின் இன்றைய விலையையும் வித்தியாசம் எண்டு எங்களிடமே வாங்கியாச்சு. அப்போ அந்த 11,000 எதுக்கு? கணினியில் ஒரு திகதியை அழித்து இன்னொன்றை அடிக்கிறதுக்கா?

இந்தக் கட்டணம் இல்லாவிட்டால் கொம்பனி படுத்துவிடும் எண்டதும் உண்மையில்லை. 2020இல் யுனைற்றட், டெல்ரா, அமெரிக்கன் மூன்றும் உள்நாட்டுப் பயணங்களில் பெரும்பாலானவற்றுக்கு மாற்றுக் கட்டணத்தை எடுத்துவிட்டன. விலை வித்தியாசத்தை மட்டும் வாங்குகின்றன. ஆனால் ஆக மலிவான வகுப்பை அந்தச் சலுகையில் சேர்க்கவில்லை. கவனியுங்கோ, அங்கேயும் தண்டம் கட்டுறது காசில்லாதவன்தான்.

அவர்கள் நேரத்தை மாத்தினால் எங்களுக்கு வாறது ஒரு குறுஞ்செய்தி. பெரிய மாற்றமெண்டால் காசைத் திருப்பித் தருவார்கள்தான். ஆனால் அங்கே போட்ட அறைக்காசு, நூலகத்தில் இழந்த நாள் எல்லாம் எங்கள் தலையில். நாங்கள் மாத்தினால் மட்டும் தண்டம்.

சட்டம் நினைத்தால் கொஞ்சமாவது செய்யலாம். அமெரிக்காவில், பயணத்துக்கு ஏழு நாளோ அதுக்கு மேலோ இருக்கும்போது விமானக் கொம்பனியிடம் நேரே போட்ட ரிக்கெற்றை 24 மணித்தியாலத்துக்குள் காசில்லாமல் ரத்துச் செய்யலாம், அல்லது காசு கட்டாமல் அந்த விலையிலேயே பிடித்து வைக்கலாம். எங்களுக்கு நாலாம் நாள்தான் பிரச்சினை வந்தது, அது உதவியிருக்காது. இந்தியக் கொம்பனிகளுக்கு அங்கத்தைய விதி ஒன்று இருக்கு: ரத்துக் கட்டணம் அடிப்படைக் கட்டணத்தையும் எரிபொருள் கட்டணத்தையும் சேர்த்த தொகையைத் தாண்டக்கூடாது. சலுகை ரிக்கெற்றாக இருந்தாலும் அரச வரிகளையும் விமானநிலையக் கட்டணங்களையும் திருப்பித் தரவேணும். இதை ஏஜென்சியில் ஒருத்தரும் தாங்களாகச் சொல்லமாட்டார்கள், நாங்கள்தான் கேட்கவேணும்.

எங்களில் இரண்டு பேர் வீட்டில் கைமாத்து வாங்கிக் கட்டினம். மூன்றாமவளால் ஏலவில்லை. மகாபொலக் காசை நம்பிப் படிக்கிறவள். இப்ப இணையத்தில் கிடைக்கிற பழைய இதழ்களை வச்சே தன் இரண்டாம் அத்தியாயத்தை எழுதுறாள். தனக்கு வேண்டிய பக்கங்களின் பட்டியலை எங்களிடம் தந்துவிட்டிருக்கிறாள், படமெடுத்து வரச்சொல்லி. அவளின் வரிக்காசுக்காக மூன்று தரம் ஏஜென்சிக்கு ஏறி இறங்கியாச்சு. "இன்னும் வரேல்லை பிள்ளை" எண்டுதான் போன திங்களும் சொன்னார் அண்ணை.