கல்வராயன் மலைப்பகுதியும் மின்னுந்து ஊக்குவிப்பும்

பெட்ரோல் ஊர்திகளை விட்டு மின்கலத்தால் இயங்கும் மின்னுந்துகளுக்கு மக்கள் மாறுவதை ஊக்குவிக்க, இந்திய அரசும் தமிழ்நாடு அரசும் வரிச்சலுகைகளையும் மானியங்களையும் அறிவித்துள்ளன. இவை கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலைப்பகுதிக்கு எந்த அளவுக்குப் பொருந்துகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

பின்னணி

கள்ளக்குறிச்சி மாவட்டம் 2019 நவம்பர் 26 அன்று விழுப்புரம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டுச் செயல்படத் தொடங்கியது. கல்வராயன் மலை கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியாகும். இங்குள்ள வெள்ளிமலை வட்டத் தலைமையிடமாகும். மக்களுள் பெரும்பாலோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். இவர்கள் கேரள மலையாளிகளின் வேறானவர்.

சலுகைகள்

மின்னுந்துகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 2019 ஆகத்து 1 முதல் 12 விழுக்காட்டிலிருந்து 5 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. தமிழ்நாடு மின்னுந்துக் கொள்கை 2023, சாலை வரியில் 2025 திசம்பர் 31 வரை முழு விலக்கு அளித்தது.

நடுவண் அரசின் மானியமோ படிப்படியாகக் குறைந்துள்ளது. மின் ஈருருளிகளுக்கு 2021 சூன் முதல் மின்கலக் கொள்ளளவின் ஒவ்வோர் அலகுக்கும் (கிலோவாட் மணி) 15,000 ரூபாய் வழங்கப்பட்டது. இது 2023 சூனில் 10,000 ஆகவும், 2024 அக்டோபரில் தொடங்கிய பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 5,000 ஆகவும், 2025 ஏப்பிரலில் 2,500 ஆகவும் குறைந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய பெட்ரோல் மகிழுந்துகளுக்கும் 350 சி.சி. வரையிலான ஈருருளிகளுக்கும் வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆனதால், விலை வேறுபாட்டில் மின்னுந்துக்கு இருந்த சாதகமும் குறைந்தது.

மலையேற்றம்

மின்னுந்து மலை ஏறாது என்னும் கருத்து பரவலாக உள்ளது. எளிய கணக்கொன்று இதைத் தெளிவாக்கும். இருவர் அமர்ந்த ஈருருளியின் மொத்த நிறை 250 கிலோகிராம் எனவும், ஏறும் உயரம் 700 மீட்டர் எனவும் கொள்வோம். அந்த உயரத்தை எட்டத் தேவையான ஆற்றல் ஏறத்தாழ 0.48 அலகு, இழப்புகளையும் சேர்த்தால் சுமார் 0.6 அலகு. 3 அலகு கொள்ளளவுள்ள மின்கலத்தில் இது ஐந்தில் ஒரு பங்கே. சமதளத் தொலைவுக்கான ஆற்றல் இதனினும் தனி. இறங்கும்போது மின்னோடி மின்னாக்கியாக இயங்கி ஆற்றலின் ஒரு பகுதியைத் திருப்பித் தரும். ஆனால் மலைமேல் முழுமையாக மின்னேற்றி இறங்கினால், அதனை ஏற்க மின்கலத்தில் இடமிராது.

மின்னேற்றம்

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரு மாதங்களுக்கு 100 அலகு மின்சாரம் கட்டணமின்றி வழங்கப்படுகிறது. இத்தகைய ஈருருளியை எட்டு முறை முழுமையாக மின்னேற்றச் சுமார் 30 அலகு போதும். எனவே இயக்கச் செலவு மிகக் குறைவு. பொது மின்னேற்ற நிலையங்களுக்கான 2022 ஆம் ஆண்டு நடுவண் அரசு நெறிமுறைகளோ, நகரங்களில் 3 கி.மீ. கட்டத்துக்கு ஒன்று, நெடுஞ்சாலைகளில் 25 கி.மீ.க்கு ஒன்று என்னும் அளவையே முதன்மையாகக் கொண்டிருந்தன.

பொதுப் போக்குவரத்து

மலையூர்களில் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் செல்வோர் பலருக்குச் சொந்த ஊர்தி இல்லை. வாங்குவோருக்குத் தரும் மானியம் இவர்களைச் சென்றடையாது. பி.எம். இ-டிரைவ் திட்டத்தில் 14,028 மின் பேருந்துகளுக்காக 4,391 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஆனால் அது 40 இலட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஒன்பது நகரங்களுக்கே உரியது. தமிழ்நாட்டில் சென்னை மட்டுமே அதில் அடங்கும்.

ஆகவே இப்பகுதியில் மாற்றத்துக்குத் தடையாக இருப்பது மலையின் சரிவு அன்று. வாங்கும் விலையும், நகரங்களை முன்னிறுத்தி வகுக்கப்பட்ட திட்டங்களுமே ஆகும். பேருந்து, பகிர்வுத் தானி, நோயாளர் ஊர்தி ஆகியவற்றிலிருந்து தொடங்கும் ஊக்குவிப்பே மலைவாழ் மக்களுக்குப் பயனளிக்கக் கூடியது.