பளபளப்புக்கு என்ன கலர்?

அந்த ரீல்ஸ் உங்கள் போனுக்கும் வந்திருக்கும். அட்டையில் ஒரு ஸ்பூனின் கோட்டுருவம். அதற்குள் சாம்பல், கறுப்பு, கொஞ்சம் நீலம் என்று சம்பந்தமே இல்லாத திட்டுகள். கடைசியில் தூரிகை நுனியால் ஒரே ஒரு வெள்ளைப் புள்ளி. அவ்வளவுதான், ஸ்பூன் அட்டையை விட்டு எழுந்து வந்துவிடும். கீழே வரிசையாக, 'போட்டோன்னு நினைச்சேன்' கமென்ட்கள்.

அந்த ஒரு புள்ளியை நம்பித்தான் நான் ஏமாந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, எவர்சில்வர் காபி டம்ளரை ஜன்னலோரம் வைத்து, கடையில் வாங்கிய சில்வர் கலரை நிரப்பி, மேலே வெள்ளைப் புள்ளியும் வைத்தேன். அடுப்படியில் இருந்து வந்த அம்மா எட்டிப் பார்த்தார். "என்னது இது, சிமென்ட் பைப்பா?"

தப்பு எங்கே என்று டம்ளரைத் திரும்பப் பார்த்தபோதுதான் புரிந்தது. அதில் சில்வர் கலரே இல்லை! ஜன்னல் ஒரு மெல்லிய வெள்ளைக் கோடாக இருந்தது. அதை ஒட்டியே, கிட்டத்தட்ட கறுப்பாக, கதவின் நிழல். அடிப்பக்கம் மேஜை விரிப்பின் மஞ்சள். நடுவில் என் சிவப்பு டி-ஷர்ட் ஒரு நாடா மாதிரி. உருளை வடிவம் எதிரே இருப்பதையெல்லாம் பக்கவாட்டில் நசுக்கிவிடுகிறது. அதனால் வீடே நெடுக்குக் கோடுகளாகிவிடுகிறது. சொம்பு என்றால் இன்னும் வேடிக்கை, முழு அறையும் உருண்டு சுருங்கி அதன் வயிற்றுக்குள் போய்விடும். பளபளப்புக்குத் தனியாக ஒரு கலர் கிடையாது. டம்ளரை வரைய வேண்டியதில்லை, டம்ளருக்குள் தெரிவதை வரைந்தால் போதும்.

இன்னொன்று, ஓரங்கள். தேய்த்து மினுக்கிய உலோகத்தில் வெள்ளையும் கறுப்பும் கத்தியால் வெட்டியதுபோலச் சந்திக்கின்றன. அந்த எல்லையை விரலால் தேய்த்து மென்மையாக்கினால் அதே டம்ளர் மண் குவளையாகிவிடும். நான் அழகுக்காகச் செய்தது அதைத்தான்.

வெள்ளைப் புள்ளிக்கு வருவோம். டம்ளரில் மின்னும் வெயிலின் வெளிச்சத்தை எந்த வெள்ளைப் பெயின்ட்டாலும் தர முடியாது. பெயின்ட்டின் எல்லை அவ்வளவுதான். அதனால் ஓவியர்கள் மற்ற எல்லாவற்றையும் ஒரு படி இருட்டாக்குகிறார்கள். சுற்றிலும் மங்கினால் புள்ளி தானாக எரியும். என் டம்ளரைச் சுற்றி வெள்ளைத் தாள் அப்படியே இருந்தது. அப்புறம் புள்ளி எங்கே மின்னும்?

எல்லாப் பொருளுக்கும் வெள்ளைப் புள்ளியும் சரிவராது. கத்திரிக்காய், கண்ணாடி பாட்டில் போன்றவற்றில் மினுமினுப்பு விளக்கொளியின் நிறத்திலேயே இருக்கும். பித்தளையும் செம்பும் அப்படியில்லை, வெளிச்சத்துக்கே தங்கள் சாயத்தை ஏற்றித் திருப்பி அனுப்பும். குத்துவிளக்கின் மினுக்கத்தில் மஞ்சள் கலக்காமல் வெறும் வெள்ளையை மட்டும் வைத்துப் பாருங்கள், அது பிளாஸ்டிக் விளக்காகிவிடும்.

தங்கம் வேண்டுமென்றால் தங்கத்தையே ஒட்டிவிடுவது நம் தஞ்சாவூர் ஓவியத்தின் வழி. இத்தாலியின் ஆல்பர்ட்டி 1435-ல் எழுதிய ஓவிய நூலில் நேர் எதிராகச் சொன்னார்: தங்கத்தை ஒட்டாதே, சாதாரண வண்ணங்களாலேயே தங்கமாகத் தெரியவை, அதில்தான் திறமை. (நான் தஞ்சாவூர் கட்சிதான். இருந்தாலும் அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.)

அந்தத் திறமையைத் தேடிப் போனபோது கிடைத்தவர் கிளாரா பீட்டர்ஸ். இன்றைய பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரோடு தொடர்புடைய ஓவியர். தேதியிட்ட இவர் படங்கள் 1607 முதல் 1621 வரை கிடைக்கின்றன. பிறந்த தேதி, இறந்த தேதி, கல்யாணம், குழந்தைகள் எதுவுமே உறுதியாகத் தெரியாது. எஞ்சியிருக்கும் ஆண்ட்வெர்ப் ஓவியர் சங்கப் பதிவேடுகளிலும் பெயர் இல்லை. மாடலை நிற்கவைத்து மனித உடலை வரையப் பழகும் வாய்ப்பு அன்றைய பெண்களுக்குக் கிடையாது. புராணக் காட்சி, போர்க் காட்சி போன்ற 'பெரிய' ஓவியங்களுக்கு அந்தப் பயிற்சி வேண்டும். கிளாரா வரைந்தது சீஸ், பாதாம், மீன், பூ, வெள்ளிக் கத்தி, தங்கக் கிண்ணம்.

நெதர்லாந்தின் ஹேக் நகரில் மௌரிட்ஸ்ஹாவ்ஸ் அருங்காட்சியகத்தில் சுமார் 1615-ல் அவர் வரைந்த படம் ஒன்று இருக்கிறது. ஏ3 தாளைவிடச் சற்றே பெரியது. சீஸ் கட்டிகள் குவிந்திருக்கும், பின்னால் ஒரு ஜாடி. அதன் உலோக மூடியை போனில் பெரிதாக்கிப் பாருங்கள். ஒரு பெண் முகம்! கிளாராவேதான். முன்னால் கிடக்கும் வெள்ளிக் கத்தியின் கைப்பிடியில் அவர் பெயர் செதுக்கியதுபோல வரையப்பட்டிருக்கிறது. ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவே நகரில் இருக்கும் 1612-ம் ஆண்டுப் படத்தில் இன்னும் துணிச்சல். தங்கக் கிண்ணத்தின் குமிழ்களில், ஒவ்வொன்றிலும் கடுகளவு கிளாரா, கையில் வண்ணத்தட்டோடு.

பளபளக்கும் உருண்டையை நேரில் பார்த்து வரையும் எல்லோருமே அதற்குள் தெரியத்தான் செய்வார்கள். தலையைக் கொஞ்சம் அசைத்தாலே பிம்பங்கள் எல்லாம் இடம் மாறும், எனவே ஒரே இடத்தில் உட்கார்ந்தாக வேண்டும். பலர் தங்கள் உருவத்தை விட்டுவிட்டுச் சுற்றியிருப்பதை மட்டும் வரைந்துவிடுவார்கள். தன்னை வைத்துக்கொண்டவர்களும் அவருக்கு முன்பே உண்டு. ஆனால் கிளாராவுக்கு அது ஒருதடவை விளையாட்டு இல்லை, படத்துக்குப் படம் செய்திருக்கிறார். பதிவேட்டில் இல்லாத பெண், கிண்ணத்தில் தன்னைப் பதிந்துவைத்திருக்கிறார். ஸ்பெயினின் பிராடோ அருங்காட்சியகம் 1819-ல் திறக்கப்பட்டது. ஒரு பெண் ஓவியருக்கென அங்கே தனிக் கண்காட்சி நடக்க 2016 வரை ஆனது. அது கிளாராவுடைய கண்காட்சிதான்.

கேமரா வந்தபிறகு தலை அசையும் பிரச்னை தீர்ந்தது. அமெரிக்காவில் ரால்ஃப் கோயிங்ஸ் சாலையோர உணவகங்களின் கெட்சப் பாட்டிலையும் உப்பு டப்பாவையும் ஸ்லைடு எடுத்து, கேன்வாஸ் மேல் புரொஜெக்டரில் விழவைத்து வரைந்தார். 'இது காப்பிதானே?' என்ற கேள்வி அன்றும் வந்தது, இன்று கமென்ட்டிலும் வருகிறது. ஒரு டம்ளரோடு மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: போட்டோ கையில் இருந்தாலும் எந்தத் திட்டு எந்த அளவு கறுப்பு என்று அது சொல்லித்தராது.

மூன்றாவது ஞாயிறு. தாள் முழுக்க முதலில் சாம்பல் பூசினேன். சில்வர் ட்யூபைத் தொடவில்லை. கோடு கோடாகக் கதவு, ஜன்னல், மேஜை. நடுவில் அந்தச் சிவப்பு நாடாவையும் அதன் மேலே ஒல்லியாக ஒரு முகத்தையும் விட்டுவைத்தேன். அம்மாவிடம் நீட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டம்ளர் சரியா இருக்கு. உள்ள யாரு, நீயா? சொன்னா கேட்டாத்தானே... ஒழுங்கா சாப்பிடுன்னு. முருங்கைக்காய் மாதிரி இருக்க, பாரு."