கொல்லைப்புறத்து நித்தியகல்யாணி

சென்ற மாதம் ராஜபாளையத்தில் பஸ் ஏறி, ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். மாமாவுக்கு நுரையீரலில் புற்றுநோய். வினோரெல்பின் என்ற மருந்தை ஊசி மூலம் ஏற்றிக்கொண்டு வந்து நாலு நாள் ஆகியிருந்தது.

கொல்லையில் அத்தை முந்தானை நிறைய நித்தியகல்யாணி இலை பறித்துக்கொண்டிருந்தாள்.

"பூப் பறிப்பதுதானே வழக்கம்? இலை எதற்கு அத்தை?"

"அந்த மருந்தே இந்தச் செடியிலிருந்துதான் வருதாமே! கஷாயம் வைத்துக் கொடுத்தால் சீக்கிரம் குணமாகுமே, அம்மா!"

அத்தை சொன்னதில் பாதி உண்மை. மற்றப் பாதியில்தான் ஆபத்து.

ஜமைக்கா தீவில் இந்த இலைக் கஷாயத்தை நீரிழிவுக்குக் குடிப்பதுண்டு. 1952-இல் கொஞ்சம் இலை, கானடாவில் இருந்த டாக்டர் ராபர்ட் நோபிளிடம் வந்து சேர்ந்தது. எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை, ரத்தத்தில் வெள்ளை அணுக்கள்தான் குறைந்தன! 'அப்படியானால் ரத்தப் புற்றுநோய்க்கு ஆகுமோ?' என்று யோசனை ஓடியது. அவரும் சார்லஸ் பீரும் 1958-இல் வின்பிளாஸ்டினை அறிவித்தார்கள். பிறகு பிரான்ஸில் பியர் போத்தியே குழுவினர், இந்தச் செடியின் சத்துக்களை இணைத்து மாற்றி வினோரெல்பினை உண்டாக்கினார்கள். அங்கே 1989-இலும், அமெரிக்காவில் 1994-இலும் நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது.

ஓர் அணு இரண்டாகப் பிரிய, உள்ளே மெல்லிய இழைகள் கூட வேண்டும். இந்த மருந்து அவற்றைக் கூடவிடாது; புற்று அணு பிரிய முடியாமல் மடிகிறது. ஆனால் எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பிரியும் நல்ல அணுக்களும் அடிபடும். அன்று எலிக்கு நேர்ந்ததுதான் நோயாளிக்கும்: வெள்ளை அணு குறையும், ஏழாம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை மிகவும் குறையும். டாக்டர் உயரமும் எடையும் பார்த்து, ரத்தம் சோதித்து, மில்லிகிராம் கணக்கில் தருகிறார். கஷாயத்துக்கு ஏது கணக்கு? விஷத்தின் மேல் விஷமாகிவிடும்.

"சரி, காய்ச்சல் வந்தால் மிளகு ரசம் கொடுக்கலாமில்லையா?" என்றாள் அத்தை.

"100.4 டிகிரியைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் ஆஸ்பத்திரிதான், அத்தை!"

அத்தை பேசாமல் முந்தானையை உதறினாள்.

எட்டாம் நாள் இரவு மாமாவுக்கு 101 டிகிரி. விடியும்வரை காத்திராமல் அத்தை கார் பிடித்துவிட்டாள். கிருமிக்கு மருந்து ஏற்றினார்கள். ஐந்தாம் நாள் மாமா வீடு திரும்பினார்.

இப்போதும் அத்தை நித்தியகல்யாணி பறிக்கிறாள், பூவை மட்டும். ஸ்வாமி படத்துக்குப் பக்கத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறது.