காவல் நிலையத்துக்குப் போகும் முன்

நம்மவர் ஒருவர் மருத்துவமனையில் எதிர்பாராமல் இறந்துவிட்டால் அடுத்து என்ன நடக்கும் என்பதை நாளிதழ்களில் பலமுறை பார்த்திருக்கிறோம். குடும்பத்தார் காவல் நிலையத்தில் புகார் செய்கிறார்கள். புகாரின் நகலைக் கையில் பிடித்தபடி படத்துக்கு நிற்கிறார்கள்.

என் பாட்டி இறந்தபோது எங்கள் வீட்டிலும் அந்தப் பேச்சு எழுந்தது. முதல்நாள் இரவு கஞ்சி குடித்தவர் மறுநாள் காலையில் இல்லை. என்ன நடந்தது என்று உட்கார வைத்துச் சொல்ல ஒருவரும் வரவில்லை. இறப்புப் பத்திரத்தில் இருந்த காரணத்தை, இடைநிலைப்பள்ளியில் படித்தவன் என்பதால் என்னிடம் நீட்டினார்கள். அகராதியைப் பார்த்து, "இரத்தத்தில் கிருமி பரவிவிட்டது" என்றேன். எங்களுக்குக் கிடைத்த விளக்கம் அவ்வளவுதான். "போலீஸ்ல ரிப்போர்ட் போட்டாத்தான் வாயைத் திறப்பாங்க" என்றார் மாமா. அம்மாதான் தடுத்தார்.

அந்தப் புகார் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பிறகுதான் தேடிப் படித்தேன். நம் தண்டனைச் சட்டத்தின் 304ஏ பிரிவு, அசட்டையான அல்லது கவனக்குறைவான செயலால் மரணம் விளைவித்தவருக்கு இரண்டாண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் என்கிறது. மருத்துவருக்கென்று அதில் தனி வரி இல்லை. 88ஆம் பிரிவு, சம்மதத்தோடும் நல்லெண்ணத்தோடும் ஒருவரின் நன்மைக்காகச் செய்தது குற்றமல்ல என்கிறது. அறுவை மருத்துவரையே உதாரணமாகவும் காட்டுகிறது. ஆனால் 52ஆம் பிரிவைப் புரட்டினால், உரிய கவனமின்றிச் செய்தது நல்லெண்ணமே ஆகாது என்றிருக்கிறது. கவனம் இருந்ததா இல்லையா என்பதுதானே வழக்கே!

இந்தச் சட்டத்தின் மூலம் 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம். அதைப் பார்த்தே பினாங்கு உள்ளிட்ட நீரிணைக் குடியேற்றங்களுக்கு ஒரு சட்டம் செய்து 1872இல் நடைமுறைப்படுத்தினார்கள். ஆகவே இந்திய நீதிமன்றம் 304ஏ பிரிவை எப்படி வாசித்தது என்பது நமக்கு அந்நியமான விஷயமல்ல.

பஞ்சாபின் லூதியானாவில் 1995 பிப்ரவரியில், மூச்சுத் திணறிய ஒரு நோயாளிக்கு ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுவந்தார்கள். அது காலியாக இருந்தது. வேறொன்றைக் கொண்டுவந்து பொருத்துவதற்குள் உயிர் போய்விட்டது. மகன்களின் கோபத்தை யாரால் குறைசொல்ல முடியும்? மருத்துவர்கள்மீது குற்றவழக்கு பாய்ந்தது. ஜேக்கப் மேத்யூ வழக்கு என அறியப்படும் இதில் உச்ச நீதிமன்றம் 2005 ஆகஸ்டு 5இல் தீர்ப்பளித்தது. இழப்பீடு கேட்பதற்குப் போதுமான கவனக்குறைவு சிறைக்கு அனுப்பப் போதாது. அது மிகக் கடுமையானதாக இருக்க வேண்டும். வழக்குத் தொடுக்கும் முன் அத்துறை அறிந்த, சார்பற்ற ஒரு மருத்துவரின் கருத்தைக் காவல்துறை பெற வேண்டும். வழக்கமாகச் செய்வதுபோல் உடனே கைது செய்யக்கூடாது. சிலிண்டர் காலியாக இருந்ததற்கு மருத்துவமனை இழப்பீட்டுப் பொறுப்பு ஏற்க நேரலாம், ஆனால் மருத்துவர் குற்றவாளி ஆகமாட்டார் என்றது தீர்ப்பு. 2024 ஜூலையில் அங்கு அமலுக்கு வந்த புதிய சட்டம், கவனக்குறைவால் மரணம் விளைவிப்போருக்குத் தண்டனையை ஐந்தாண்டு வரை உயர்த்தியபோதும் பதிவுபெற்ற மருத்துவருக்கு இரண்டாண்டோடு நிறுத்திக்கொண்டது.

இதே நடைமுறையை நம் நாட்டிலும் சட்டமாகவே எழுதி வைக்க வேண்டும் என்பது என் கருத்து. சிறைப்பயம் வாயைத் திறக்க வைக்காது, அடைத்துவிடும். பிரிட்டனில் ஒரு குழந்தைநல மருத்துவர் 2015இல் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு, 2018 ஜனவரியில் மருத்துவப் பதிவையும் இழந்தார். ஆகஸ்டில் மேல்முறையீட்டில் அது மீண்டது. அதற்குள் அங்குள்ள இளம் மருத்துவர்கள் பலர் தங்கள் தவறுகளை எழுதிவைக்கவே அஞ்சத் தொடங்கியிருந்தார்கள்.

"அப்போ செத்தவங்களுக்கு யாரு?" என்று மாமா கேட்பார். நியாயமான கேள்வி. இழப்பீட்டு வழக்கு இருக்கிறதே என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வராது. பெட்டாலிங் ஜெயாவில் 1982இல் நடந்த ஒரு சிகிச்சைக்குக் கூட்டரசு நீதிமன்றத்தின் இறுதி முடிவு 2006 டிசம்பரில்தான் கிடைத்தது. ஆகவே பாதுகாப்பை மருத்துவருக்கு மட்டும் கொடுத்துவிட்டுப் போவதை என்னால் ஏற்க முடியாது. எதிர்பாராத மரணம் நேர்ந்தால், சிகிச்சை அளித்த மருத்துவரே இரண்டு வாரத்துக்குள் குடும்பத்தாரைச் சந்தித்து, சிகிச்சைக் குறிப்பைக் காட்டி, நடந்ததைச் சொல்ல வேண்டும். அங்கே அவர் சொல்வதை அவருக்கு எதிரான குற்றவழக்கில் சாட்சியாக்கக் கூடாது. அந்தச் சந்திப்பு குடும்பத்தாருக்குப் புரிகிற மொழியில், தேவைப்பட்டால் தமிழில், நடக்க வேண்டும்.