மொய் விருந்துக்கு முன்னாடி ரெண்டு வட்டம் போட்டுப் பாருங்க

ஆடி பிறந்துட்டா நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் மொய் விருந்துதான். செலவு குறையணும்னு பல பேர் சேர்ந்து ஒரே பந்தல்ல வைக்கிறாங்க. நல்ல ஏற்பாடு. ஆனா கணக்குப் போடுறப்போ ஒரு இடத்துல சறுக்கிடறோம்.

ஒரு உதாரணம். உங்க மொய் நோட்டுல 300 பேர், கூட விருந்து வைக்கிறவர் நோட்டுல 250 பேர். தலைக்கு ஒரு இலைன்னு 550 இலைக்குச் சமைக்கச் சொன்னா தப்பு. பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரங்க, ரெண்டு நோட்டுலயும் இருப்பாங்க இல்லையா? அவங்க 120 பேர்னு வைங்க.

பேப்பர்ல ஒன்னை ஒன்னு வெட்டுற மாதிரி ரெண்டு வட்டம் போடுங்க. நடுவுல 120. உங்க பக்கம் மட்டும் 180, அவர் பக்கம் மட்டும் 130. கூட்டினா 430தான். பள்ளிக்கூடத்துல படிச்ச வென்படம் இதுதாங்க! 120 இலை கறிச்சோறு மிச்சம்.

சரி, மொய்ப் பணத்துலயும் இப்படிக் கழிக்கணுமா? கூடாது. நடுவுல இருக்கிறவர் சாப்பிடுறது ஒரு இலைதான், ஆனா மொய் எழுதுறது ரெண்டு இடத்துல. தலா 1,000 ரூபாய்னா அந்த வீட்டுக்கு ஒரே நாள்ல 2,000 ரூபாய். கை இறுகினா முதல்ல குறையப்போறது இவங்க மொய்தான்.

அதனால என் கருத்து இது: அந்த 120 பேர்கிட்ட இருந்து உங்களுக்கு வரவேண்டிய 1,20,000 ரூபாயை நம்பி யாருக்கும் கடன் தவணை சொல்லிடாதீங்க. மீதி 180 பேரை வெச்சு மட்டும் திட்டம் போடுங்க. புதுசா வர்ற மொய் வருமானம் இல்லை, நீங்க திருப்பிச் செய்யவேண்டிய கடன். அதையும் மறந்துடாதீங்க.

முதலீட்டுலயும் இதே தப்பு நடக்குது. நிஃப்டி 50 ஃபண்ட் ஒன்னு, நிஃப்டி 100 ஃபண்ட் ஒன்னு வாங்கிட்டு, "பிரிச்சுப் போட்டுட்டேன் சார்"னு சொல்றாங்க. நிஃப்டி 50-ல இருக்கிற எல்லா கம்பெனியும் நிஃப்டி 100-க்குள்ளயே இருக்கு. சின்ன வட்டம் முழுசா பெரிய வட்டத்துக்குள்ள! ஃபண்ட் ரெண்டு, ஆனா நிஃப்டி 100-ல இல்லாத கம்பெனி ஒன்னுகூட சேரலை.

பத்திரிகை அடிக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு நோட்டையும் பக்கத்துல வெச்சு, பொதுவா இருக்கிற பேரை எல்லாம் டிக் பண்ணுங்க. ஒரு சாயங்கால வேலைதான்.