விசையை யார் கொடுப்பார்?

இயந்திர வடிவமைப்புப் பாடத்தில் வரும் கணக்கைப் பாருங்கள்: சுழல்தண்டின் மீது இவ்வளவு விசை, விட்டம் எவ்வளவு? விசையைக் கேள்வியே கொடுத்துவிடுகிறது. வேலைக்குப் போனபின் அதை யார் கொடுப்பார்?

கேமரன் மலையில் 1929-இல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டத்துக்கு மாணவர்களை அழைத்துப் போங்கள். தேயிலை உருட்டும் இயந்திரம், உள்ளங்கைகளுக்கிடையே இலையைத் தேய்த்த கைவேலையின் வாரிசு. இலையின் செல்கள் உடைந்து சாறு வெளிவர வேண்டும். ஆனால் இலை தூளாகிவிடக் கூடாது, அதிகம் சூடேறவும் கூடாது. மழைநாள் இலை ஒருவிதம், வெயில்நாள் இலை வேறுவிதம். அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்க இயந்திரத்தின் மூடியில் திருகு இருப்பது அதனால்தான். பாடநூல் கணக்கு எதிலும் இதை நான் பார்த்ததில்லை.

எப்போது அழுத்தத்தைத் தளர்த்துவீர்கள் என்று இயந்திரத்தை ஓட்டும் தொழிலாளரிடம் மாணவர்கள் கேட்டு எழுதட்டும். விட்டத்தைப் பிறகு கணக்கிடலாம். இதற்கு மதிப்பெண் போட விரிவுரையாளர்கள்தான் முதலில் பழக வேண்டும்.