போர்டு இல்லாத பஸ்

கோவை காந்திபுரம் கிராஸ்கட் ரோட்டில் மாடியில் ஒரு சின்ன ஆபீஸ். மேசைமேல் இரண்டு போன். ஒரே ஆப், ஒரே மளிகைக் கடையின் ஒரே பில். ஒன்றில் மொத்தம் 1,240 ரூபாய், இன்னொன்றில் பூஜ்யம்.

"ஏனுங்கண்ணா, என்ற போன்ல சரியா வருதுங்க. கடைக்காரர் போன்லதான் இப்படிக் காட்டுது" என்றான் அந்த ஆப்பை எழுதிய தம்பி. இரண்டு நாளாகத் தூங்காத முகம்.

அவன் போனில் இருந்தது, எழுதும்போது சோதித்துப் பார்க்கிற டீபக் பில்ட். கடைக்காரருக்குப் போனது, வெளியே கொடுக்கிற ரிலீஸ் பில்ட். அதைக் கட்டும்போது ஆர்8 என்ற கருவி வேலை செய்யும். 2002இல் வந்த புரோகார்டு என்ற பழைய கருவியின் இடத்தில் 2019 முதல் ஆண்ட்ராய்டில் இதுதான் வழக்கம். வேண்டாத கோட் வரிகளை வெட்டும். பெயர்களைச் சுருக்கி ஏ, பி, சி என்று மாற்றும். ஆப்பின் எடை குறையும், பிறர் பிரித்துப் படிப்பதும் கடினமாகும். நல்ல காரியம்தான்.

ஆனால் சர்வர் அனுப்பும் ஜேசன் வடிவத் தகவலில் 'டோட்டல்' என்றே இருக்கிறது. அதைப் பிரிக்கும் ஜீசன் என்ற லைப்ரரி, ஆப் ஓடும்போது பெயர் பார்த்துத்தான் பொருத்தும். 'டோட்டல்' என்ற பெயரைத் தேடுகிறது; ஆப்பில் இருப்பதோ 'ஏ'. கிடைக்காவிட்டால் அது கத்தாது. பூஜ்யத்தை அப்படியே விட்டுவிடும்.

ஜன்னலுக்கு வெளியே டவுன் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. டிப்போவுக்குள் ஒரு பஸ்ஸை எப்படி வேண்டுமானாலும் கூப்பிடலாம். ஸ்டாண்டுக்கு வரும்போது போர்டில் ஊர்ப்பெயர் இல்லையென்றால், காத்திருப்பவர் ஏற மாட்டார். ஜீசனும் அப்படித்தான்.

தம்பி முதலில் ஆர்8ஐயே அணைத்துவிட்டிருந்தான். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துகிற கதை அது. ஜேசனைத் தொடும் ஒவ்வொரு ஃபீல்டின் தலையிலும் 'சீரியலைஸ்டு நேம்' என்ற குறிப்பில் சர்வர் சொல்லும் பெயரை எழுதினால் போதும். உள்ளே பெயர் எதுவானாலும் கவலையில்லை. அந்தக் குறிப்பும் ஃபீல்டும் வெட்டுப்படாமல் இருக்க, 'இதைத் தொடாதே' என்று ஆர்8க்குச் சொல்லும் கீப் ரூல் வேண்டும். ஜீசன் 2.11 முதல் அதற்கான அடிப்படை ரூல்கள் கூடவே வருகின்றன. பழைய பதிப்பென்றால் நாமே எழுத வேண்டும். அரை மணி நேர வேலை. இரண்டாவது போனிலும் 1,240 வந்தது.

எனக்கு மனசு ஆறாதது வேறு. ஆப் நின்று போயிருந்தால் அன்றைக்கே போன் வந்திருக்கும். பூஜ்யம் காட்டிக்கொண்டே ஓடியதால், ராத்திரி கல்லாவை எண்ணுகிற கடைக்காரர் தன் கணக்கில்தான் தப்பு என்று நினைத்துத் திரும்பத் திரும்பக் கூட்டியிருக்கிறார்.

பம்ப்செட் செய்கிற ஊர் இது. தண்ணீரில் ஓட்டி, எவ்வளவு இறைக்கிறது என்று பார்த்த பிறகுதான் விற்பனைக்கு அனுப்புவார்கள். ஆப் எழுதும் தம்பி தங்கைகளிடம் நான் கேட்பதும் அவ்வளவுதான். கடைக்காரருக்குப் போகிற அதே ரிலீஸ் பில்டை உங்கள் போனில் ஏற்றி, ஒரு பில் போட்டு, மொத்தத்தைக் கண்ணால் பாருங்கள். பிறகு அனுப்புங்கள்.